புல் இல்லாத ஊரில்

எமரன்சியா,
விளக்கைப் போடாதே.
முதலில் கேள், பிறகு எட்டிப் பார்.

வாசலில் நிற்பது டிராக்டர் இல்லை.
டிராக்டரின் குட்டி.
இடுப்புயரம்கூட வராது.
ஓர் ஆட்டுக்குட்டி வாங்கி வந்திருந்தால் கோபிப்பாயா?

கொடைக்கானலில் யாரோ ஒரு துரையின் பங்களாவில்
நாற்பது வருஷம் புல் மழித்ததாம்.
நம்மூரில் புல் எங்கே என்பாய்.
இல்லைதான்.
தங்கச்சிமடம் முழுக்க அரித்தாலும்
ஒரு பசுவின் கடைவாய்க்குக் காணாது.
அதனால் என்ன,
வேலை பார்த்த உடம்பு
கடற்கரைக்கு ஓய்வுக்கு வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்.

பாம்பன் பாலத்தில் காற்று லாரியைப் பிடித்து ஆட்டியது.
தார்ப்பாயின் மேல் கையை வைத்தபடியே வந்தேன்.
மூத்தவளை ராமநாதபுரம் பெரியாஸ்பத்திரியிலிருந்து
தூக்கி வந்ததும் இப்படித்தான் என்று
இப்போது சொல்லக்கூடாது.
சொல்லவில்லை.

குடிக்கிறேனா, சீட்டாடுகிறேனா என்றும்
ஆரம்பிக்க மாட்டேன்.
அந்த நியாயம்
இரண்டாவது வண்டியிலேயே தீர்ந்துபோயிற்று.

விலையை உன் கணக்கிலேயே சொல்கிறேன்.
பதினோராயிரம் மல்லிகை நாத்து.
ஈரமணலிலிருந்து ஒவ்வொன்றாகப் பிடுங்கி,
நூறு நூறாக எண்ணிக் கட்டும் உன் விரலுக்கு
அது எத்தனை விடியற்காலை என்று தெரியும்.
அதனால்தான் இருட்டில் சொல்கிறேன்.

மற்றதுகளைப் பற்றியும் பேசிவிடலாம்.
சிவப்பு, சாயல்குடி இரும்புக்கடையில்
எடைக்குப் போக இருந்தது.
சீட் இல்லாத வண்டியில் உன் பிளாஸ்டிக் ஸ்டூலைக் கட்டியது
தப்புதான், ஒத்துக்கொள்கிறேன்.
மூன்றாவது இதுவரை ஒரு தடவைகூட இருமவில்லை.
ஆனால் அதன் பானட்டில் போட்டால்
நெத்திலி ஒரே வெயிலில் காய்கிறது என்று
நீ பிளேவியாளிடம் பெருமையடித்ததை
வேலிக்கு இந்தப்பக்கம் நின்று கேட்டேன்.

உப்புக்காற்று இரும்பைத் தின்கிறது, உனக்குத் தெரியாததா.
அந்திக்கு அந்தி துடைக்கிறேன்.
தலைக்கு வைத்த தேங்காயெண்ணெய்
குறைந்துகொண்டே போவது எப்படி என்று
இப்போது விளங்கியிருக்கும்.

அக்காமடம் வளைவிலிருந்து
ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்தது.
இதுவரை ஒரு சொல் பிசகவில்லை.

"ஆக மொத்தம் நாலு" என்றேன்.

கொசுவலைக்குள்ளிருந்து நீ சொன்னாய்:
"அஞ்சு."

கச்சான் கூரைத் தகரத்தை ஒருமுறை தூக்கிப் போட்டது.

"ராயப்பன் ஐஸ் கொட்டகைக்குப் பின்னால
பச்சைக் கலர்ல ஒண்ணு நிக்குதே,
அதுக்கு மாசாமாசம் வாடகை
யாரு குடுக்குறான்னு நெனச்சீக?"

சும்மா விட்டிருக்கிறான், சிநேகிதன் என்று
ஒன்பது மாதமாக
ஞாயிறு பூசையில் ராயப்பனுக்கும் சேர்த்து
வேண்டிக்கொண்டிருக்கிறேன், எமரன்சியா.

"ஒருநாள் மழை. நனையுமேன்னு
படங்கு எடுத்துக்கிட்டுப் போனேன்.
மூடிட்டு, அதுலயே ஏறி ஒக்காந்தேன்."

"ஸ்டார்ட் ஆயிருக்காதே?"

"ஆகல. நான் எங்க போகப்போறேன்.
கொஞ்ச நேரம் இருந்தேன்.
ஒருத்தரும் கூப்பிடல."

பிறகு எத்தனை தடவை போனாய்
என்று கேட்க நாக்கு எழவில்லை.
நானல்லவா உன்னை நாளெல்லாம் கூப்பிடுகிறவன்,
ஸ்பேனருக்கு, துணிக்கு, தண்ணிக்கு,
இந்த முனையைக் கொஞ்சம் பிடி என்று.

"பச்சை என்னது.
அதுல கை வைக்கக் கூடாது.
ரிப்பேரும் பாக்க வேணாம்."

விளக்கை நீதான் போட்டாய்.
கூந்தலை முடிந்துகொண்டு வாசலுக்குப் போனாய்.
புதியதை ஒரு சுற்றுச் சுற்றி வந்து
முன்சக்கரத்தைக் காலால் எத்தினாய்.

"காத்து இல்ல."

பிறகு, படுக்கப் போகும் வழியில்,
என் முகத்தைப் பார்க்காமல்:

"பதினோராயிரம் நாத்து.
நாளைக்கு நாலு மணிக்கு
எந்திரிச்சு எண்ணுங்க."